குளிருக்கு வீட்டுக்குள் எடுத்த செடிகளில் அழுக்கணவன்: எதைக் கொண்டு ஒழிப்பது?

மார்கழி பிறந்ததும் நுவரெலியா, கந்தப்பளை, இராகலை பக்கங்களில் பூச்சாடிகள் வீட்டுக்குள் இடம்பிடிக்கத் தொடங்கிவிடும். தை, மாசி மாதங்களில் விடியும் நேரத்தில் புல்தரையில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். ஓர் இரவில் தேயிலைக் கொழுந்தையே கருக்கிவிடுகிற குளிர் அது. ஜெரேனியம், பிகோனியா, செவ்வரத்தை, கீழ்நாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த மல்லிகை, சமையலுக்கென்று வளர்க்கும் கொச்சிக்காய், கறிவேப்பிலை எல்லாமே ஜன்னலோரத்துக்கும் கண்ணாடி விறாந்தைக்கும் வந்து சேர்கின்றன. ஏப்ரல் வசந்த காலத்தில் வாசல் நிறையப் பூக்க வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு இந்த மாதங்களைக் கடத்துவதுதான் பெரிய வேலை. அதைக் கெடுப்பது பல வீடுகளில் குளிர்கூட இல்லை. அழுக்கணவன் என்கிற செடிப்பேன்தான்.

என்னிடம் செடி பற்றிக் கேட்பவர்கள் அனேகமாக எல்லோரும் கேட்பது இதைத்தான்: "எதைத் தெளித்தால் ஒரே தடவையில் தொலையும்?" அப்படி ஒரு மருந்து வீட்டுக்குள் இருக்கும் செடிக்குக் கிடையாது. பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாய் வழி விழும் நீர்), சவர்க்காரக் கரைசல், வேப்பெண்ணெய், அடுப்புச் சாம்பல், புகையிலைத் தண்ணீர், கடை மருந்து என்று வழிகள் பல இருக்கின்றன. இவற்றை ஒப்பிடும்போது நான் மூன்று விடயங்களைப் பார்க்கிறேன். நாம் சமைத்துத் தூங்குகிற அறைக்குள் அதைப் பயன்படுத்தலாமா? பூச்சி ஒளிந்திருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேருமா? நான்கைந்து நாளுக்கு ஒரு முறை அலுக்காமல் திரும்பச் செய்ய முடியுமா? மூன்றாவது கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஏன் என்று விளங்க, இந்தப் பூச்சியின் பிழைப்பைக் கொஞ்சம் அறிய வேண்டும்.

குளிர் நாடுகளில் அழுக்கணவன் இலையுதிர் காலத்தில் முட்டையிட்டு, அந்த முட்டையாகவே பனிக்காலத்தைக் கடக்கும். நம் மலையில் அதற்கு அந்தத் தேவை இல்லை. இங்கே ஆண்டு முழுவதும் பெண் பூச்சிகளே ஆண் துணையின்றிக் குஞ்சுகளை உயிரோடு ஈன்றுகொண்டிருக்கும். பிறக்கும் குஞ்சின் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறையின் கரு ஏற்கெனவே வளரத் தொடங்கியிருக்கும். இதமான வெப்பம் இருந்தால் ஏழு முதல் பத்து நாட்களில் அந்தக் குஞ்சும் ஈனத் தொடங்கிவிடும். இருபது பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பம் அதற்கு மிகவும் பிடித்தமானது. அடுப்பு எரிகிற வீட்டின் ஜன்னலோரம் பகல் முழுவதும் ஏறக்குறைய அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது.

வெளியே இருக்கும்போது மழை அடித்துக் கழுவும், காற்று உதறும், பொறிவண்டு தின்னும். செடியை உள்ளே எடுத்ததும் இந்த மூன்றும் இல்லாமல் போகின்றன. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தில் தை முதல் பங்குனி வரை மழையும் குறைவு. வாசலில் விட்ட செடியிலும் அந்த மாதங்களில் பூச்சி கூடும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை தை வரைக்கும் நீள்வதால் கணக்கு மாறும். அங்கே ஆனி முதல் ஆவணி வரையான வறண்ட காற்றுக் காலத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் இருப்பது அழுக்கணவன்தானா என்று உறுதி செய்யுங்கள். செடியின் நுனிக் குருத்தையும் மொட்டுக் காம்பையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இலையைத் திருப்பிப் பாருங்கள். பச்சை, மஞ்சள் அல்லது கறுப்பு நிறத்தில், ஒரு மில்லிமீற்றரிலிருந்து மூன்று மில்லிமீற்றர் வரை நீளமான, பேரிக்காய் வடிவ உடம்பு தெரியும். கைத்தொலைபேசிக் கமராவைப் பெருக்கிப் பார்த்தால் அதன் பின்புறத்தில் இரண்டு சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம். அந்தக் குழாய்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கீழ் இலைகளின் மேல் வெள்ளைத் தவிடு தூவியதுபோல் கிடப்பவை அவை வளரும்போது கழற்றிப் போட்ட தோல்கள். சாடிக்குக் கீழே மேசை பிசுபிசுப்பாக இருக்கும். அந்த இனிப்புக் கழிவின் மேல் கறுப்புப் பங்கசு படர்ந்து இலை புகை பிடித்த நிறத்துக்கு மாறும். எறும்பு வரிசையாகச் சாடியில் ஏறினால், பூச்சி உங்கள் கண்ணில் படாவிட்டாலும் எங்கோ இருக்கிறது. பஞ்சாக அப்பிக்கொண்டிருப்பது மாவுப் பூச்சி. அதற்குக் கீழே சொல்பவற்றில் பாதி மட்டும்தான் பொருந்தும்.

தண்ணீர்தான் முதல் மருந்து

செலவே இல்லாத வழியைப் பலர் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். அழுக்கணவன் மெல்லிய உடம்புக்காரன். ஊசி வாயை இலைக்குள் இறக்கிச் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வேகமாக அடித்தால் பிடி விட்டுக் கீழே விழும். விழுந்த குஞ்சுகளில் பெரும்பகுதி மீண்டும் ஏறி வருவதில்லை.

செய்முறை எளிது. ஒரு பொலித்தீன் பையால் சாடியின் மண்ணை மூடி, தண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். செடியைப் பீலிக்கோ வெளிக் குழாய்க்கோ கொண்டுபோய், சாடியைச் சரித்துப் பிடித்து, இலையின் அடிப்பக்கம் தண்ணீர் படும்படி திருப்பித் திருப்பிக் கழுவுங்கள். குருத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே மெதுவாகத் தேய்த்துவிட்டால் ஒளிந்திருப்பவையும் போய்விடும். மண்ணை மூடுவதற்குக் காரணம் உண்டு. குளிர் மாதங்களில் செடி தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். மண் ஊறிக் கிடந்தால் வேர் அழுகும், அழுக்கணவனால் சாகாத செடி அதனால் சாகும்.

நேரம்தான் மலைநாட்டில் கவனிக்க வேண்டியது. சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகள் பல மாலையில் தெளிக்கச் சொல்கின்றன. இங்கே மாலையில் நனைத்தால் மூடுபனியில் இலை விடியும்வரை காயாது. ஜெரேனியத்திலும் பிகோனியாவிலும் சாம்பல் நிறப் பங்கசு வந்துவிடும். காலை ஒன்பது, பத்து மணிக்கு மூடுபனி விலகியதும் கழுவி, நிழலான காற்றோட்டத்தில் காயவிட்டு, வெயில் இறங்குமுன் உள்ளே எடுங்கள்.

கொச்சிக்காய், செவ்வரத்தை, ரோசா, கறிவேப்பிலை, புதினா இவற்றுக்குத் தண்ணீர் வைத்தியம் அருமையாகப் பொருந்தும். மயிர் அடர்ந்த இலையுள்ள ஆபிரிக்க வயலட்டுக்கும் சிலவகைப் பிகோனியாவுக்கும் பொருந்தாது. ஈரம் தங்கி இலையில் புள்ளி விழும். அவற்றுக்கு மெல்லிய தூரிகையும் பொறுமையும் போதும். தூக்க முடியாத பெரிய சாடியாக இருந்தால் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைக்கலாம்.

சவர்க்காரக் கரைசல்

தண்ணீரோடு சேர்த்துச் செய்யத் தகுந்தது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. சவர்க்காரம் பூச்சியின் மேல்தோலைச் சிதைத்து உயிரணுக்களைக் குலைக்கிறது. உடம்பில் நேரே பட வேண்டும். ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். காய்ந்த பிறகு அதற்கு எந்த நஞ்சும் கிடையாது. வெளியில் இது ஒரு குறை. குழந்தைகள் விளையாடுகிற அறையில் இதுவே பெரிய நன்மை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், ஒரு குடும்பமே சமைத்து, சாப்பிட்டு, தூங்குகிறது. அங்கே தெளித்த பிறகும் மணக்கிற, மிதக்கிற எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் ஊற்று நீருக்கும் இதில் பங்கு உண்டு. வறண்ட வலயத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். சவர்க்காரம் அதில் திரிந்து வீணாகும். மலை நீர் பொதுவாக மென்மையானது, சவர்க்காரம் நன்றாகக் கரையும். கொஞ்சம் போட்டாலே போதும்.

வாசனையும் வெளுப்பானும் சேர்க்காத சாதாரணச் சவர்க்காரக் கட்டியைச் சீவி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐந்து கிராம் எடுத்து, முதலில் கொஞ்சம் சுடுநீரில் கரைத்துப் பிறகு மீதி நீரை ஊற்றுங்கள்.  சலவைத் தூள் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவமும் உண்மையில் சவர்க்காரம் அல்ல. இலையின் மெழுகுப் படலத்தை எடுத்துவிடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் ஒரு லீற்றருக்குச் சில துளிகளோடு நிறுத்துங்கள். எதுவானாலும் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். பன்னம் போன்ற மென்மையான செடிகள் சவர்க்காரத்தைப் பொறுப்பதில்லை.

செடியைத் தண்ணீரில் கழுவி, நீர் வடிந்த பிறகு, இலையின் அடியும் குருத்தின் இடுக்கும் சொட்டச் சொட்ட நனையும்படி கரைசலைத் தெளியுங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். வாடிய செடிக்கும் நேர் வெயிலில் நிற்கும் செடிக்கும் தெளிக்கக் கூடாது.

நான்கு அல்லது ஐந்து நாள் இடைவெளியில் இதைக் குறைந்தது மூன்று முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் சில பூச்சிகள் தப்பும், அது தவிர்க்க முடியாதது. ஆனால் இங்கே முட்டை என்று எதுவும் பெரும்பாலும் ஒளிந்திருப்பதில்லை. அடுத்த வாரம் நீங்கள் காண்பவை எல்லாம் இந்த வாரம் கரைசல் படாமல் தப்பியவையும் அவற்றின் குஞ்சுகளும்தான். அந்தக் குஞ்சுகள் ஈனும் வயதுக்கு வருமுன் அடுத்த முறை தெளித்துவிட்டால் கூட்டம் அறுந்துபோகும். ஒரு முறை தெளித்துவிட்டுப் பத்து நாள் கழித்து வந்து "மருந்து வேலை செய்யவில்லை" என்பவர்களுக்கு நடந்தது இதுதான்: தப்பிய நான்கைந்து பூச்சிகள் அந்தப் பத்து நாட்களில் மீண்டும் ஒரு கூட்டமாகிவிட்டன.

வேப்பெண்ணெய் எப்போது?

வேம்பின் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை நியாயமானது. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல் தடுக்கும், தோல் கழற்றி வளர்வதையும் குழப்பும். எண்ணெய் பூச்சியின் மூச்சுத் துளைகளையும் அடைக்கும். பலன் மெதுவாகத்தான் தெரியும். இன்று தெளித்து நாளை பார்த்தால் பூச்சி அங்கேயே இருக்கும்.

மலைநாட்டில் இதற்கு இரண்டு சிக்கல்கள். வேம்பு இந்தக் குளிரில் செழிப்பதில்லை, எண்ணெய் வறண்ட வலயத்திலிருந்துதான் வர வேண்டும். வந்த எண்ணெயும் குளிர்ந்த காலையில் போத்தலுக்குள் நெய்யாக உறைந்து நிற்கும். உறைந்த எண்ணெயைக் குளிர்ந்த பீலித் தண்ணீரில் கலக்கினால் கட்டி கட்டியாக மிதக்கும்; தெளிப்பானும் அடைக்கும், கட்டி விழுந்த இலையும் கருகும். போத்தலைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கி, வெதுவெதுப்பான ஒரு லீற்றர் நீரில் முதலில் சவர்க்காரத்தைக் கரைத்து, பிறகு ஐந்து மில்லிலீற்றர் எண்ணெயை ஊற்றி, பால் நிறம் வரும்வரை குலுக்குங்கள். அன்றைக்கே தெளித்துத் தீர்த்துவிடுங்கள். வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.

மணம் ஒரு பெரிய குறை. மூடிய அறையில் இரண்டு நாளாவது நிற்கும். ஆகையால் தூங்குகிற அறைச் செடிக்கு வேப்பெண்ணெய் வேண்டாம் என்பேன். கண்ணாடி விறாந்தையிலோ பொலித்தீன் கூடாரத்திலோ இருபது முப்பது சாடிகளை வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அத்தனை சாடிகளையும் பீலிக்குத் தூக்கிப் போக முடியாது. அங்கே வாரம் ஒரு முறை வேப்பெண்ணெய் தெளிப்பதே சரியான தேர்வு. மாவுப் பூச்சியும் சிற்றுண்ணியும் சேர்ந்து இருந்தால் இன்னும் பொருத்தம்.

சாம்பலும் புகையிலையும்

விறகடுப்புச் சாம்பலைத் தூவும் வழக்கம் எங்கள் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் நெடுநாளாக உண்டு. காய்ந்த இலையில் கொஞ்சம் பலன் தரும். ஆனால் அழுக்கணவன் இருப்பது அடிப்பக்கம், சாம்பல் விழுவது மேல்பக்கம். ஈரம் பட்டால் காரமாகி இலையைச் சுடும். வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு ஏற்கெனவே வெளிச்சம் போதாது. இருக்கும் வெளிச்சத்தையும் சாம்பல் மறைக்கும். வெளித் தோட்டத்தோடு அது நிற்கட்டும். உள்ளி, கொச்சிக்காய் அரைத்த சாற்றை மூடிய அறைக்குள் தெளித்தால் பூச்சிக்கு முன்னால் நம் கண்ணும் தொண்டையும்தான் எரியும்.

புகையிலைத் தண்ணீரைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வேலை செய்யும் என்பது உண்மைதான். நிக்கொட்டின் பழைய காலத்துப் பூச்சிநாசினி. ஆனால் அது மனிதருக்கும் கடும் நஞ்சு, தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். ஊறவைத்த பாத்திரம் தேநீர் நிறத்தில் அடுப்பங்கரையில் இருப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. இன்னொன்று, புகையிலையில் இருக்கும் மொசைக் வைரசு கொச்சிக்காய், தக்காளி, கறிமிளகாய் மூன்றையும் தொற்றும். அழுக்கணவனை விரட்டப்போய் மருந்தே இல்லாத நோயைச் செடிக்குக் கொடுத்துவிடுவோம்.

அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பது ஓரிரண்டு பூச்சிகளுக்குச் சரி. தெளிப்பானில் ஊற்றி, விறகோ எரிவாயுவோ எரிகிற அறையில் தெளிக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

மஞ்சள் ஒட்டுப் பொறியை நான் விரும்புகிறேன், ஆனால் மருந்தாக அல்ல. மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் ஆமணக்கெண்ணெய் பூசித் தொங்கவிட்டாலே போதும். சிறகு முளைத்த பூச்சி மட்டுமே அதில் விழும். செடியில் கூட்டம் நெருக்கியடிக்கும்போதுதான் சிறகுள்ளவை பிறக்கின்றன. ஆகவே தட்டில் அழுக்கணவன் விழத் தொடங்கினால், எங்கோ ஒரு சாடி கைமீறிப் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

பொறிவண்டைப் பிடித்து வந்து அறைக்குள் விட்டால் அது வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, வெயில் இதமாக இருக்கும் பகல் பொழுதில் செடியை வாசலில் வையுங்கள். அங்கே அது தானே வரும். இலையில் உப்பிய, பழுப்பு நிற, அசையாத அழுக்கணவன் தெரிந்தால் அதை நசுக்க வேண்டாம். அதற்குள் ஒரு சின்னக் குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் குளவி வெளிவந்து மற்ற அழுக்கணவன்களுக்குள் முட்டையிடும். எறும்பு ஏறவிடாமல் சாடியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் கல் வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். இனிப்புக்காக அழுக்கணவனைக் காவல் காக்கும் எறும்பு இந்த நண்பர்களை விரட்டிவிடும்.

கடை மருந்து

இமிடாகுளோபிரிட் வகை ஊடுருவும் மருந்துகள் அழுக்கணவனை ஒழிக்கும், அதில் ஐயமில்லை. வேரிலோ இலையிலோ இறங்கிச் சாற்றோடு செடி முழுக்கப் பரவும். உறிஞ்சுகிற பூச்சி சாகும். ஒளிந்திருக்கும் பூச்சியையும் எட்டுவது இதன் பெரிய பலம். அந்த நஞ்சு வாரக் கணக்கில், சாடியில் சில வேளை மாதக் கணக்கில் செடிக்குள் தங்குவதுதான் பிரச்சினை. தின்னும் செடிக்கு, அதாவது கொச்சிக்காய், புதினா, கறிவேப்பிலை, ரம்பைக்கு, வீட்டுக்குள் இதை நினைக்கவே கூடாது. ஏப்ரலில் வாசலுக்குப் போய்ப் பூக்கிற செடியென்றால் தேனில் நஞ்சு இருக்கும், தேனீ வந்து குடிக்கும். குளிர் மாதங்களில் செடி நீரை மெதுவாக உறிஞ்சுவதால் மண்ணில் இட்ட மருந்து மேலே ஏறவும் நாளாகும்.

அழகுச் செடி மட்டும் பெருந்தொகையாக வளர்த்து விற்பவருக்கு இது தேவைப்படலாம். அப்படியானால் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான, லேபிள் ஒட்டிய போத்தலையே வாங்குங்கள். வெறும் போத்தலில் கொஞ்சம் ஊற்றித் தரும் மருந்தை வாங்கவே வேண்டாம். அளவில் சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். வீட்டுக்குள் தெளிக்காமல் வெளியே தெளித்துக் காயவிடுங்கள். போத்தலைப் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். கூரை இடுக்கில் செருகி வைக்கும் பழக்கத்தை இந்த விடயத்தில் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் யூரியாவை நிறுத்துங்கள். வெளிச்சம் குறைந்த மாதங்களில் நைதரசன் பசளை போட்டால் நீண்டு மெலிந்த இளந்தளிர் வரும், அழுக்கணவனுக்கு அதைவிடப் பிடித்த உணவு இல்லை. புதிதாக வாங்கிய அல்லது அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய செடியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

கொச்சிக்காய் இலை சுருண்டு, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறி, பூச்சி போன பிறகு வரும் புதுக் குருத்தும் அப்படியே இருந்தால் அது வைரசு. அந்தச் செடியை எந்தக் கரைசலும் மீட்காது. பிடுங்கிப் பொலித்தீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். உருளைக்கிழங்கின் இலைச்சுருள் வைரசைக் காவுவதில் முதலிடம் பச்சை நிற அழுக்கணவனுக்குத்தான். நம் ஜன்னலில் பெருகிச் சிறகு முளைத்தது வேலியைத் தாண்டினால், பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கடன் வாங்கி நட்ட விதைக் கிழங்கில்தான் போய் உட்காரும்.

ஜெரேனியத்தில் கூட்டம் அளவு மீறியிருந்தால் முழுச் செடியையும் காப்பாற்றப் போராட வேண்டியதில்லை. பூச்சி இல்லாத இரண்டு மூன்று தண்டுகளை வெட்டி, இலைகளைக் குறைத்து, சவர்க்காரக் கரைசலில் முக்கி அலசி, மணல் கலந்த புது மண்ணில் நடுங்கள். தாய்ச் செடியைத் தண்டோடு தாழ வெட்டி, வெட்டியதை எல்லாம் பையில் கட்டிவிடுங்கள். பங்குனி வெயிலில் அடிக்கட்டை மீண்டும் தளிர்த்தால் நல்லது, தளிர்க்காவிட்டாலும் கையில் கன்றுகள் இருக்கும்.